நீல விளக்குக்குப் பரிமளா அக்கா, பச்சை விளக்குக்கு நான்

ரெண்டு கிலோ சின்ன வெங்காயத்தை முறத்தில் கொட்டி உரிக்க உட்கார்ந்திருக்கிறேன், இதை உரித்து முடிப்பதற்குள் எங்கள் காம்பவுண்டில் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கை சும்மா இருந்தால் எனக்குப் பேச வராது, கைக்கு ஒரு வேலை இருந்தால்தான் வாய் அதை நம்பிக் கொஞ்சம் திறக்கும்.

எங்கள் காம்பவுண்டில் ஆறு வீடு. மூன்றாவது வீடு எங்களுடையது, நாலாவது வீடு பரிமளா அக்காவுடையது. என் வீட்டுக்காரர் குழந்தைவேலுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஆபீஸில் கொடுத்த கம்ப்யூட்டர் ஒன்று, அது விண்டோஸ், அதில்தான் மீட்டிங் பேசுவார், லெட்டர் போடுவார். இன்னொன்று லினக்ஸ், அதில் கறுப்புத் திரையில் வெள்ளை வெள்ளையாக எழுத்து ஓடும், எங்கேயோ இருக்கிற பெரிய மெஷின்களை இங்கே உட்கார்ந்தே அவர் மேய்ப்பது அதில்தான். கம்ப்யூட்டர் ரெண்டு, ஆனால் மேஜை ஒன்று, அதனால் ரெண்டு மானிட்டரையும் ஒரு கீபோர்டையும் ஒரு மவுஸையும் ரெண்டுக்கும் பொதுவாக வைத்து, நடுவில் சோப்புப் பெட்டி அளவுக்கு ஒரு பெட்டி வாங்கி மாட்டினார். அதற்குப் பேர் கேவிஎம் சுவிட்ச். அதில் ஒரே ஒரு பொத்தான். ஒரு தடவை அமுக்கினால் நீல விளக்கு எரிந்து ரெண்டு மானிட்டரிலும் விண்டோஸ் வரும், இன்னொரு தடவை அமுக்கினால் பச்சை விளக்கு எரிந்து லினக்ஸ் வரும்.

"அப்ப மத்தது அணைஞ்சு போயிருங்களா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அணையாது ரேணு. அது பாட்டுக்கு உள்ள ஓடிட்டேதான் இருக்கும். மூஞ்சியும் கையும் மட்டும் அதுக்கு இருக்காது" என்றார்.

நானும் அப்படித்தானே இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன், சொல்லவில்லை. ஏழாவது வரைக்கும்தான் படித்தேன், அங்கேயும் டீச்சர் பேர் கூப்பிட்டால் 'உள்ளேன் அம்மா' என்று பக்கத்தில் இருக்கிற பிள்ளைதான் எனக்கும் சேர்த்துச் சொல்லும். கல்யாணத்தன்று முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த என் கூடப்பிறந்த அண்ணன் தனபாலை, என் மாமியார் தோளைத் தொட்டு, "தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க நிக்கறாங்க, நீ அடுத்த பந்தியில உக்காந்துக்க" என்று எழுப்பி விட்டார்கள். பொண்ணோட அண்ணனை எழுப்பலாமா? அண்ணன் தன் முன்னால் பரிமாறியிருந்த இலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நான் மாலைக்குள் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், அண்ணன் சாப்பிடாமல் தாராபுரத்துக்குப் பஸ் ஏறியவர்தான், நாலு வருஷமாக எங்கள் வாசற்படி மிதிக்கவில்லை. எத்தனையோ தடவை போன் போட்டிருக்கிறேன். எடுத்து, "சொல்லு" என்பார். எனக்கு மூச்சு மட்டும்தான் வரும். அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

இப்போது பாப்பாவுக்கு மூணு வயது, ஐப்பசியில் காது குத்து என்று முடிவாகி, அத்தை, அதான் என் மாமியார், ஒரே வார்த்தையில், "கூடப்பிறந்த மாமன் வரலீன்னா என்ன, உன்ற பெரியப்பா மகன் மகேந்திரன் இருக்கறானல்ல, அவன் மடியில வச்சுக் குத்தீரலாம், எந்த மடியில குத்துனாலும் துளை துளைதான்" என்று சொல்லிவிட்டார்கள். அண்ணன் எங்கம்மாவிடம் சொல்லியனுப்பியது இதுதான்: என் தங்கச்சி வாய் திறந்து கூப்பிட்டால் வருவேன், வேறு யார் கூப்பிட்டாலும் வர மாட்டேன். அண்ணன் மடியில்லாமல் பாப்பா காதில் ஊசி இறங்கிவிட்டால் அதோடு எனக்குப் பிறந்த வீடே இல்லை என்று எனக்குத் தெரியும். யாரிடம் சொல்ல?

இது இப்படியிருக்க ஆயுத பூஜை வந்தது. வீட்டில் அரிவாள்மனையிலிருந்து மிக்சி வரைக்கும் கழுவிப் பொட்டு வைக்கிற நாள், கம்ப்யூட்டரை மட்டும் விட்டால் அது கோபித்துக்கொள்ளாதா? வீட்டுக்காரர் பொரியும் பழமும் வாங்கப் போன நேரத்தில் நான் எல்லா வயரையும் பிடுங்கித் துடைத்துவிட்டேன். எதை எங்கே சொருகுவது என்று தெரியவில்லை. பரிமளா அக்காவைக் கூப்பிட்டேன், கூப்பிட்டேன் என்றால் சுவரைத் தட்டினேன். அக்கா சந்தனம் கரைத்த கையோடு வந்து, "இதென்ன கொடல் மாதிரி கெடக்குது, நீ ஒரு முனையப் புடி, நான் ஒரு முனையப் புடிக்கிறேன்" என்று விண்டோஸ் வயரை அவர் பிடித்தார், லினக்ஸ் வயரை நான் பிடித்தேன், ரெண்டு பேர் கையிலும் சந்தன ஈரம். பெட்டி நடுவில் இருந்தது. அந்தப் பொத்தானில் குங்குமம் வைக்க நான் விரலை வைத்து அழுத்தினேன். 'டிக்' என்றது. குங்குமம் பொத்தானின் இடுக்கில் இறங்கிவிட்டது.

"அய்யோ, அழுத்திப்போட்டியா?" என்று அக்கா கேட்க வாயெடுத்தார். கேட்டது நான். பரிமளா அக்காவின் அந்தப் பெரிய தொண்டை, தெருமுனையில் பாத்திரத்துக்குப் பேரீச்சம்பழம் விற்பவனைக்கூடத் திரும்ப வரவழைக்கிற தொண்டை, என் வாயில் இருந்தது. என்னுடைய மெல்லிசுக் குரல் அக்காவிடம் போயிருந்தது. இன்னொரு தடவை அமுக்கினோம், அவரவருடையது அவரவருக்கு வந்தது. அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, மொதல்ல சாமி கும்பிடுவோம்" என்றார். பொரி சாப்பிட்டோம்.

மறுநாளிலிருந்துதான் கூத்து. வீட்டுக்காரர் ஒரு நாளைக்கு நூறு தடவை பொத்தானை அமுக்குவார். அது அவர் தொழில். நீலம் எரிந்தால் பெரிய வாய் பரிமளா அக்காவிடம், பச்சை எரிந்தால் என்னிடம். பேசிக்கொண்டிருக்கும்போது மாறினால், பாதியில் நின்ற பேச்சு எந்த வாய்க்குப் போனதோ அந்த வாயில்தான் முடியும். வீட்டுக்காரர் அடிக்கடி, "அடச்சே, அந்தக் கம்ப்யூட்டர்ல அடிக்கறதா நெனச்சு இதுல அடிச்சுட்டேன்" என்று புலம்புவாரே, அதே மாதிரிதான்.

அன்றைக்குப் பைப்பில் தண்ணீர் விடுகிற முறை. வால்வு திறக்கிற நாச்சிமுத்து எட்டு மணிக்கு வர வேண்டியவர் பத்தரைக்கு வந்தார், ஆறு வீட்டுக்கும் சேர்த்து அவரைத் திட்டுகிற பொறுப்பு பதினோரு வருஷமாகப் பரிமளா அக்காவுடையது. காம்பவுண்டு வாசலுக்குப் போய் இடுப்பில் கை வைத்து, "ஏனப்பா நாச்சிமுத்து, ஊட்டுக்குள்ள சொகமா" என்று ஆரம்பித்தார். உள்ளே நான் அத்தைக்குச் சோறு போட்டுக்கொண்டு, "அத்தை, இன்னுங் கொஞ்சம்" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் அமுக்கினார்.

"உக்காந்து பீடியக் குடிச்சுட்டு இருக்கறியே, பொம்பளைங்க குடத்தோட நிக்கறது உன்ற கண்ணுக்குத் தெரியலியா!" என்று நான் அத்தையைப் பார்த்து முடித்தேன்.

வாசலில் பரிமளா அக்கா நாச்சிமுத்துவைப் பார்த்து, தலையைக் குனிந்து, "ரசம் ஊத்தட்டுங்களா?" என்றார்.

அத்தை சோற்றுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு ரெண்டு நாள், அவர்களுக்கு எப்போதிலிருந்து பீடிப் பழக்கம் என்று அஞ்சாவது வீட்டுக்காரர்கள் என்னிடம் ரகசியமாகக் கேட்டார்கள். நாச்சிமுத்துவோ, பதினோரு வருஷமாகத் திட்டு வாங்கியும் பயப்படாத மனுஷன், ரசத்துக்குப் பயந்துபோய் அரை மணி நேரம் கூடுதலாகத் தண்ணீர் விட்டுவிட்டுப் போனார்.

காம்பவுண்டே கூடிப் பேசியது. இது எப்படி நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. வாய்க்கால் தண்ணீரை இந்தத் தோட்டத்துக்கு இவ்வளவு நேரம், அந்தத் தோட்டத்துக்கு அவ்வளவு நேரம் என்று முறை போட்டுப் பாய்ச்சுகிற ஊர்க்காரர்கள், ஒரு வாயை ரெண்டு பேருக்கு முறை போடுவதா கஷ்டம்? தண்ணீர் வருகிற நாள் காலை முழுக்க அக்காவுக்கு, சாயந்தரம் நாலிலிருந்து ஆறு வரைக்கும் எனக்கு என்று பேசி முடித்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் மட்டும் எழுந்து, "அந்தப் புள்ளைக்கு நேரம் பத்தாதுங்க, இன்னும் நாலு மணி நேரம் சேத்திக் குடுங்க" என்று கெஞ்சினார். அக்கா பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்ற வேலை என்னாகறது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "இடையில மாத்தாம முடியாதுங்க."

"மாத்திக்க தம்பி. மாத்தறதுக்கு முன்னால பூஜை மணியை அடிச்சுப்போடு. நாங்க ரெண்டு பேரும் வாய மூடிக்கறோம்" என்றார் பரிமளா அக்கா.

அப்படியே நடந்தது. மணி கேட்டதும் நாங்கள் ரெண்டு பேரும் எங்கே இருந்தாலும் சொல்லை முழுங்கிக்கொண்டு நிற்போம். ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறவர்கள் அதென்ன மணிச் சத்தம் என்று கேட்டதற்குப் பக்கத்தில் கோயில் என்று வீட்டுக்காரர் சொல்ல, அதில் ஒருத்தர் ஒவ்வொரு மணிக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்ள ஆரம்பித்துவிட்டாராம்.

காது குத்துக்கு மூணு நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை சாயந்தரம், என் முறையில், பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"சொல்லு" என்றார்.

"அண்ணா!" என்றேன். பக்கெட்டில் இருந்த தண்ணீர் நடுங்கியது. நாலு வருஷத்துக்குப் பிறகு என் சத்தத்தைக் கேட்டு அண்ணன் மூச்சைப் பிடித்தது எனக்குக் கேட்டது. "வர்ற வியாழக்கிழமை பாப்பாவுக்குக் காது குத்தறோம், நீங்க"

அந்த நேரம் பார்த்து எங்கேயோ ஒரு பெரிய மெஷின் படுத்துவிட்டதாம், ஆபீஸில் உடனே மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்களாம். வீட்டுக்காரர் பதறிப்போய் மணியடிக்க மறந்து பொத்தானை அமுக்கிவிட்டார். என்னிடம் மூச்சுதான் மிச்சம். மீதிச் சொல் வாசலுக்குப் போய், பைப் கசிகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நாச்சிமுத்துவுக்கு நேராகப் பரிமளா அக்காவின் வாயில் இறங்கியது.

"வந்து உக்காந்தாத்தான் ஆசாரி ஊசியையே எடுப்பாரு! உங்க மடியில தவிர வேற யார் மடியிலயும் என்ற புள்ளைய வைக்க மாட்டேன்!"

நாச்சிமுத்து நிமிர்ந்து பார்த்தார். "என்னையுங்களா?" என்றார். இந்தக் காம்பவுண்டில் அவரை யாரும் ஒரு நல்லது கெட்டதுக்குக் கூப்பிட்டதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு போனவரை அக்காவால் திருப்பிக் கூப்பிட முடியவில்லை, அவருக்கே என்ன சொன்னோம் என்று புரிந்தால்தானே.

அண்ணன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார். 'நீங்க' என்பதோடு நின்ற பேச்சை எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளலாமே. நீங்க வாங்க என்றும் முடிக்கலாம், நீங்க வர வேண்டாம் என்றும் முடிக்கலாம். படுத்த மெஷின் எழுந்திருக்காமல், அதைப் பற்றி ஓயாத மீட்டிங்கில் செவ்வாயும் புதனும் நீலத்திலேயே போனது. வீட்டுக்காரரிடம் ஒரு நிமிஷம் கேட்டால் மாற்றிக் கொடுத்திருப்பார். கேட்பதற்குத்தான் வாய் வேண்டுமே.

வியாழக்கிழமை எல்லோரும் அங்காளம்மன் கோயிலுக்குப் போய்விட்டோம். பாப்பாவுக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியாயிற்று, மகேந்திரன் புது வேட்டியில் சம்மணம் போட்டு மடியைத் தட்டித் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தான், ஆசாரி ஊசியை எடுத்துவிட்டார். நான் பாப்பாவை இறுக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"புள்ளையக் குடு அம்மிணி, நேரம் போவுது" என்றார்கள் அத்தை.

அந்த நேரத்தில்தான், அஞ்சாவது வீட்டில் நாளும் கோயிலும் விசாரித்துக்கொண்டு, நாச்சிமுத்து வந்தார். தட்டில் பழம், தேங்காய், ரோஸ் கலரில் ஒரு கவுன். வந்தவர் நேராகப் போய் மகேந்திரனுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு மடியை விரித்தார்.

"நீங்க யாருங்க?" என்றான் மகேந்திரன்.

"வால்வு."

"இங்க எதுக்குங்க?"

"கூப்புட்டாங்க. உங்க மடியில தவிர வேற யார் மடியிலயும் வைக்க மாட்டேன்னாங்க." ஒரு சொல் விடாமல் அப்படியே சொன்னார். அண்ணனுக்குப் போய்ச் சேராத என் மீதிப் பேச்சை அவர் வாயில் கேட்டபோது எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

ஆசாரி சலித்துக்கொண்டார். "எனக்கு இன்னொரு பக்கம் ரெண்டு காது காத்துட்டு இருக்குதுங்க, சட்டுனு ஒரு மடியச் சொல்லுங்க."

இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டேன். என் மூச்சைக் கேட்டதும் அவரே பேசினார். "வர்ற வழியில கொடுவாய் ஊர்ல ஒரு பேக்கரியில உக்காந்திருக்கேன் ரேணு. பாதிதானே கூப்புட்ட? பாதி தூரம் வந்துட்டேன். மீதியக் கூப்புடு, மீதி தூரமும் வர்றேன்."

என் தொண்டையில் ஒன்றுமில்லை. அப்போது பரிமளா அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் வயர்க்கூடை. கூடைக்குள் அந்தப் பெட்டி. காலையில் வீட்டுக்காரர் குளிக்கப் போன சமயத்தில் மேஜையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறார், வயரெல்லாம் கூடைக்கு வெளியே தொங்குகிறது, கரண்ட் இல்லாமலே நீல விளக்கு எரிகிறது. ஒரு வயரை என் கையில் திணித்தார். ஒன்றை அவர் பிடித்துக்கொண்டார். கோயில் அதிர, "எல்லாரும் கேட்டுக்குங்க! இந்தப் புள்ள எந்த மடியில உக்காரோணும்னு பெத்தவ சொல்லுவா! அவ என்ன சொல்றான்னா" என்று ஆரம்பித்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்து, அவராகவே கட்டைவிரலால் பொத்தானை அமுக்கினார்.

"அண்ணா, வாங்க!" என்றேன். வேப்பமரத்து இலை உதிர்ந்தது. "அன்னைக்குப் பந்தியில உங்கள எழுப்பி உட்டப்ப நான் தலையக் குனிஞ்சுட்டு நின்னேன், அது என்ற தப்பு. எழுப்புனது எங்கத்தை தப்பு. நீங்க வராம என்ற புள்ளைக்குக் காதும் குத்த மாட்டேன், கம்மலும் போட மாட்டேன், இங்கயே உக்காந்திருக்கேன், வாங்க!"

போன் எப்போதோ கீழே விழுந்துவிட்டது. பரவாயில்லை, கொடுவாய் பேக்கரியில் பப்ஸ் வைத்திருந்த கண்ணாடிப் பெட்டி கிடுகிடுவென்று ஆடியதாம், அண்ணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துவிட்டாராம். முக்கால் மணி நேரத்தில் வந்து நின்றார். அதுவரைக்கும் ஆசாரி ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்திருக்கவேயில்லை, எழுந்தால் நான் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயம்.

மகேந்திரன் பெருந்தன்மையாக எழுந்துகொண்டான். நாச்சிமுத்து எழவில்லை. எழுப்ப எனக்கும் மனசில்லை, பந்தியிலிருந்து ஒருத்தரை எழுப்பிய பாவமே நாலு வருஷம் போதும். கடைசியில் பூசாரிதான் தீர்ப்புச் சொன்னார்: கூப்பாட்டில் முன்பாதி அண்ணனுக்குப் போயிருக்கிறது, பின்பாதி வால்வுக்காரருக்குப் போயிருக்கிறது, பிள்ளைக்குக் காதும் ரெண்டு இருக்கிறது, அப்புறம் என்ன? வலது காது அண்ணன் மடியில், இடது காது நாச்சிமுத்து மடியில். பாப்பா வலது காதுக்கு அழுதாள், இடது காதுக்கு நாச்சிமுத்து அழுதார்.

சாப்பாட்டுப் பந்தியில் அத்தையே முதல் வரிசையில் அண்ணனுக்கு இலை போட்டார்கள். தண்ணீர் தெளித்தார்கள். ஒரு வார்த்தைதான் வரவில்லை. வாய் வரைக்கும் வந்து திரும்பிப் போனதை நான் பார்த்தேன், எனக்குத் தெரியாத வழியா அது?

கோயிலிலிருந்து வந்த பிறகு பெட்டியைத் திருப்பி மாட்டி, "நீலத்துக்கு மாத்தட்டுங்களாக்கா?" என்று கேட்டேன். பரிமளா அக்கா என் பழைய குரலில், "நீயே வச்சுக்க கொஞ்ச நாளைக்கு. பதினோரு வருஷமா ஆறு வூட்டுக்கும் நான் ஒருத்தியே கத்தறேன், தொண்ட வலிக்குதான்னு ஒருத்தரும் கேட்டதில்ல" என்று சொல்லி, மிளகு போட்ட பாலைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். வீட்டுக்காரர் பாவம், விண்டோஸுக்குப் பழைய மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் தனியாகத் தேடி வாங்கிக்கொண்டார். பெட்டி சும்மா பச்சையில் எரிந்துகொண்டிருக்கிறது.

இன்றைக்குக் காலையில்தான் அத்தை அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்று, முந்தானையைத் திருகிக்கொண்டு, "ஏன் அம்மிணி, இதுல மூணாவதா ஒரு ஆளு சேர எடமிருக்குதா?" என்று கேட்டார்கள்.

"என்னத்துக்குங்கத்தை? பெரிய வாய் வேணுங்களா?"

"அது எனக்கு என்னத்துக்கு? என்றதே போதும். உன்ற பழைய வாய்தான் வேணும், அந்தச் சின்னது. உங்கண்ணன் இன்னைக்குச் சாப்பிட வர்றானல்ல, ஒரு வார்த்தை சொல்லோணும். என்ற வாயில அது நுழைய மாட்டீங்குது."

மூணாவது இடம் இல்லை. பரிமளா அக்காதான் தூக்கக் கலக்கத்தோடு வந்து தன் வயரை அத்தை கையில் கொடுத்துவிட்டு, அத்தையின் வாயை வாங்கிக்கொண்டு மறுபடி தூங்கப் போனார், அக்காவோடு சேர்ந்து அதுவும் தூங்குகிறது. அத்தை கையில் சந்தனம் தடவி முன்னறையில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அண்ணன் வண்டிச் சத்தம் கேட்டது, செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது, நாற்காலி இழுபடுகிற சத்தம்கூடக் கேட்டது, அதற்கப்புறம் ரொம்ப நேரமாக ஒன்றுமே கேட்கவில்லை, நான் போய் எட்டிப் பார்க்கலாமா, பார்த்தால் அத்தைக்குக் கூச்சமாகிவிடுமா என்று யோசித்துக்கொண்டே ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருக்கிறேன், இதோ, அம்மிணி அம்மிணி என்று யாரோ கூப்பிடுகிறார்கள், பக்கத்தில் நின்றால்கூடக் காதில் விழாத மாதிரி, அவ்வளவு மெல்லிசாக, அது என் குரலேதான், அத்தை வாயிலிருந்து வருகிறது, இருங்கள், நான் போய்